பல் போன நாய்க்கும் பட்டியில் வேலை உண்டு

(வேளாண்மை விரிவாக்க அலுவலர் ஒருவரின் வானொலிப் பேச்சு)



"தானமா வந்த மாட்டைப் பல்லைப் பிடிச்சுப் பார்க்காதே" என்று நம் பக்கம் ஒரு பழமொழி உண்டு. சும்மா வந்த பொருளில் குற்றம் குறை தேடாதே என்பது அதன் கருத்து. ஆனால் காசு கொடுத்து வாங்குகிற மாட்டை நாம் அப்படி விடுவதில்லை. சந்தைக்குப் போனால் முதல் வேலையாக மாட்டின் உதட்டைப் பிரித்துப் பார்ப்போம். பல் போடாததா, இரண்டு பல்லா, நாலு பல்லா, கடை சேர்ந்ததா என்று பார்த்த பிறகுதான் துண்டைப் போட்டு விலை பேசுவோம். இன்றைக்கு நான் பேசப் போவது மாட்டுப் பல்லைப் பற்றி அல்ல. தோட்டத்துக்குச் சும்மா வந்து சேர்ந்த ஒரு நாயின் பல்லைப் பற்றி.

"உரம், விதை, பூச்சி மருந்து என்று பேசுகிறவர் இன்றைக்கு நாயைப் பிடித்துக்கொண்டாரே" என்று நீங்கள் நினைக்கலாம். காரணம் இருக்கிறது. நான் விளையாட்டாகச் சொன்ன ஒரு வார்த்தையால் ஒரு சின்னப் பையனுக்கு ஆபத்து வர இருந்தது. அந்தத் தப்பை மறைக்காமல் சொன்னால் நாலு குடும்பத்துக்குப் பயன்படும் என்பதால்தான் இந்தப் பேச்சு.

காங்கேயம் பக்கம் ஒரு தோட்டத்துக்குத் தென்னையில் சுருள் வெள்ளை ஈ பார்க்கப் போயிருந்தேன். கிளுவை வேலி போட்ட கொறங்காடு, பட்டியில் நாற்பது மயிலம்பாடி ஆடு, நாலு மாடு, அறுபது தென்னை. அளவான குடும்பம். மரத்தைப் பார்த்துவிட்டுச் சாளைக்கு வந்தால், வேப்பமரத்தடியில் செவலை நிறத்தில் ஒரு பொட்டை நாய் சுருண்டு கிடந்தது. விலா எலும்பை எண்ணிவிடலாம். கழுத்தைச் சுற்றிச் சங்கிலி அறுத்த புண்.

"ரோட்டோரம் கிடந்துச்சுங்க சார். யாரோ வண்டியில கொண்டாந்து எறக்கி விட்டுட்டுப் போயிட்டாங்க. பையன் பார்த்துட்டுத் தூக்கிட்டு வந்துட்டானுங்க" என்றார் அந்த அம்மா.

வீட்டுக்காரர் முகத்தில் சந்தோஷம் இல்லை. "தூக்கிட்டு வந்தது சரிங்க. வாயைத் திறந்து பாருங்க, முன்னால ஒரு பல்லு இல்லீங்க. மாடு வாங்கினாப் பல்லைப் பார்த்து வாங்கறோம். பல்லில்லாத நாயை வச்சு நான் என்னங்க பண்றது? நாயின்னாலே எனக்கு இப்ப பயமா இருக்குதுங்க" என்றார்.

அவர் பயத்தில் நியாயம் இருக்கிறது. 2024, 2025-ஆம் ஆண்டுகளில் காங்கேயம், வெள்ளகோவில் சுற்று வட்டாரத்தில் தெருநாய்கள் கூட்டமாகப் பட்டிக்குள் புகுந்து ஆடுகளைக் கடித்துக் கொன்றதை எல்லோரும் அறிவோம். ராத்திரி அடைத்த ஆட்டைக் காலையில் கும்பலாக அள்ளிப் புதைத்தவர்களுக்குத்தான் அந்த வேதனை தெரியும். அப்படிப்பட்ட ஊரில் அந்நிய நாய் ஒன்றைப் பட்டிக்குப் பக்கத்தில் சேர்ப்பதென்றால் யாரும் யோசிக்கத்தான் செய்வார்கள்.

திண்ணையில் அவருடைய ஆத்தா உட்கார்ந்து வெற்றிலையைச் சிற்றுரலில் இடித்துக்கொண்டிருந்தார். "எனக்குந்தான் ஒரு பல்லு இல்ல. என்னைய ரோட்டுல விட்டுட்டியாடா?" என்று மகனைப் பார்த்துக் கேட்டாரே பார்க்கலாம்! எல்லோரும் சிரித்துவிட்டோம். நாய்க்கு அன்றே இடம் கிடைத்துவிட்டது.

அந்தச் சிரிப்போடு நானும் ஒரு வார்த்தை சேர்த்தேன். "பல் இல்லாத நாய்தானே, கடிச்சாக்கூடக் காயம் படாது. பையன் விளையாடட்டும்" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். அதுதான் நான் செய்த தப்பு.

கிருமி பல்லில் இல்லை, எச்சிலில் இருக்கிறது

ஒரு வாரம் கழித்து மறுபடியும் போனேன். பையனின் வலது கை விரலில் மஞ்சள் பத்து போட்டிருந்தது. என்னவென்று கேட்டால், நாய் தின்றுகொண்டிருந்தபோது இவன் தட்டை நகர்த்தியிருக்கிறான். அது வெடுக்கென்று வாயை வைத்திருக்கிறது. முன்பல் இல்லாவிட்டாலும் பக்கத்தில் மிச்சமிருந்த ஒரு பல் கீறிவிட்டது. நடந்து நாலு நாள் ஆகிவிட்டதாம். "நீங்கதானுங்க சார் சொன்னீங்க, பல்லில்லாத நாய் ஒண்ணும் பண்ணாதுன்னு" என்றார் அந்த அம்மா. எனக்கு உடம்பெல்லாம் வியர்த்துவிட்டது.

ரேபிஸ் என்கிற வெறிநோய்க் கிருமி நாயின் எச்சிலில் இருக்கிறது. பல் என்பது அந்த எச்சிலை உள்ளே கொண்டுபோகிற ஊசி மாதிரி. அந்த ஊசி இல்லாவிட்டாலும், நம் தோலில் ஏற்கெனவே இருக்கிற கீறலில், புண்ணில், கண்ணில், வாயில் எச்சில் பட்டால் போதும். இந்த நோயின் குறி மனிதனிடம் தெரிய ஆரம்பித்துவிட்டால் காப்பாற்றுவது அநேகமாக முடியாத காரியம். ஆனால் குறி தெரிவதற்கு முன்பே முறையாக ஊசி போட்டுக்கொண்டால் நோய் வராமலே தடுத்துவிடலாம்.

ஆகவே நாய் கடித்தாலும், கீறினாலும், புண்ணில் நக்கினாலும் முதல் காரியம், ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிஷம் கழுவுவது. கடிகாரத்தைப் பார்த்துப் 15 நிமிஷம். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்ப் பொடி, எண்ணெய் எதையும் காயத்தில் வைக்காதீர்கள். பிறகு தாமதம் செய்யாமல் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ அரசு மருத்துவமனைக்கோ போய்விட வேண்டும். அங்கே ஊசி இலவசம்தான்.

தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி போடுவார்கள் என்ற பழைய பயம் இன்னமும் கிராமத்தில் இருக்கிறது. அந்த மருந்து 2004, 2005-ஆம் ஆண்டுகளோடு நம் நாட்டில் கைவிடப்பட்டுவிட்டது. இப்போது கையில்தான் போடுகிறார்கள். கடிபட்டு முதன்முதலாக ஊசி போட்டுக்கொள்கிறவருக்குத் தோலுக்குள் போடும் முறையில் நாலு தடவை. முதல் ஊசி போட்ட நாளைச் சுழியமாக வைத்து 3, 7, 28-ஆம் நாள்களில் மறுபடி போட வேண்டும். காயத்திலிருந்து ரத்தம் வந்திருந்தால் காயத்தைச் சுற்றி இன்னொரு மருந்தும் போடுவார்கள். நடுவில் ஓர் ஊசியைக்கூட விடக் கூடாது.

"நாலு நாள் ஆயிப்போச்சே, இனி போட்டு என்ன பிரயோசனம்?" என்று அந்த வீட்டுக்காரர் கேட்டார். நாள் கடந்துவிட்டது என்று விட்டுவிடவே கூடாது. தெரிந்த நிமிஷத்தில் போக வேண்டும். பையனையும் அவன் அப்பாவையும் என் வண்டியிலேயே கூட்டிக்கொண்டு போனேன். நாலு தடவையும் ஒழுங்காகப் போட்டார்கள். நாயையும் கவனித்து வந்தோம். கடித்த நாய் 10 நாள் நோயின்றி நன்றாக இருந்தால், கடித்த அன்று அதன் எச்சிலில் கிருமி இல்லை என்று பொருள். நல்லவேளை, அந்த நாய்க்கு ஒன்றும் இல்லை. ஆனால் பத்து நாள் பார்த்துவிட்டு அப்புறம் ஊசி போடலாம் என்று மட்டும் யாரும் இருக்காதீர்கள். ஊசியும் கவனிப்பும் ஒரே சமயத்தில் நடக்க வேண்டும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். வழியில் ஒரு நாய் கிடக்கிறது. வாய் ஒழுகுகிறது. தீனி எடுக்க முடியவில்லை. தாடை தொங்குகிறது. குரல் மாறிக் கம்முகிறது. "பாவம், தொண்டையில் எலும்பு மாட்டியிருக்கும் போல" என்று வாய்க்குள் கையை விட்டுவிடாதீர்கள். வெறிநோயும் இப்படித்தான் தெரியும். தூரத்தில் நின்று, பிள்ளைகளை விலக்கி, கால்நடை மருந்தகத்துக்குத் தகவல் சொல்லுங்கள்.

வாய் சொன்ன கதை

அடுத்து நாயைக் கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டுபோனோம். நான் படித்தது வேளாண்மை; நாயின் வாயைப் பார்க்கிற படிப்பு இல்லை. அதனால் டாக்டர் சொன்னதை அங்கே நின்று கவனமாகக் கேட்டுக்கொண்டேன்.

வளர்ந்த நாய்க்கு 42 பல். மேலே 20, கீழே 22. முன்னால் வெட்டுப்பல் 12, கோரைப்பல் 4, மிச்சமெல்லாம் பக்கப்பல்லும் கடைவாய்ப்பல்லும். குட்டிக்குப் பால்பல் 28 மட்டுமே. குட்டிக்கு நாலு மாதம் முதல் ஆறேழு மாதத்துக்குள் பால்பல் விழுந்து நிரந்தரப்பல் முளைக்கும். அந்த வயதுக் குட்டிக்குப் பல் விழுந்தால் பயப்பட வேண்டாம். வளர்ந்த நாய்க்கு விழுந்தால் மறுபடி முளைக்காது.

நம்ம செவலைக்கு எண்ணிப் பார்த்ததில் 23 பல்தான் மிச்சம். கோரைப்பல்லின் முன்பக்கம் நன்றாக இருந்தது. பின்பக்கம் மட்டும் அரம் போட்டுத் தேய்த்த மாதிரி தேய்ந்திருந்தது. டாக்டர் அதைக் காட்டி, "இது சங்கிலியைக் கடிச்சுக் கடிச்சுத் தேய்ஞ்ச பல்லு. வருஷக் கணக்காக் கட்டியே போட்டிருக்காங்க" என்றார். வீட்டுக்காரர் ஒன்றும் பேசவில்லை. கழுத்துப் புண்ணையும் பல்லையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றார். இத்தனை நாள் "பல்லில்லாத நாய்" என்றவர், திரும்பி வரும்போது "பாவங்க சார், கட்டியே போட்டுக் கெடுத்துப்புட்டானுங்க" என்றார்.

பல் போவதற்கு வேறு காரணங்களும் உண்டு. பல்லில் ஊத்தை கட்டி, கல்லாக இறுகி, ஈறு அழுகிப் பல் ஆடிவிடும். வண்டியில் அடிபட்டு உடையும். கல்லையும் காய்ந்த எலும்பையும் கடித்து உடையும். காட்டோரக் கிராமங்களில் காட்டுப்பன்றிக்கு வைக்கிற அவுட்டுக்காயைக் கடித்து வாயே சிதறிப்போன நாயும் மாடும் உண்டு. 2020-ஆம் ஆண்டில் கேரளத்தில் பாலக்காடு மாவட்டத்தில் சினையாக இருந்த யானை ஒன்று இப்படி வெடியைக் கடித்து வாய் சிதைந்து செத்தது நாடு முழுக்கத் தெரியும். அவுட்டுக்காய் வைப்பது குற்றம். அது பன்றியின் வாய், பசுவின் வாய் என்று பார்ப்பதில்லை.

பல் போன நாயைச் சேர்க்கிறவர்கள் ஒன்றை நினைவில் வையுங்கள். வெளியே தெரிகிற ஓட்டையை விட உள்ளே உடைந்து நிற்கிற வேர்தான் கெடுதல். வாய் நாற்றம், ரத்தம் கலந்த எச்சில், ஒரு பக்கமாகவே தின்பது, கவ்விய தீனி கீழே விழுவது, முன்னங்காலால் முகத்தைத் தேய்ப்பது, கண்ணுக்குக் கீழே வீக்கம் இவற்றில் எது தெரிந்தாலும் டாக்டரிடம் காட்டுங்கள். செவலைக்கு மயக்க மருந்து கொடுத்து, கெட்டுப்போன நாலு பல்லை எடுத்தார்கள். மிச்சம் 19. பல் குறைந்த பிறகுதான் அது வலியில்லாமல் தின்றது. வலியுள்ள நாய் கடிக்கும்; பையனைக் கீறியதற்கு அந்த வலியும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம்.

நமக்கு வாங்கி வைத்திருக்கிற காய்ச்சல் மாத்திரை, வலி மாத்திரையை நாய்க்குக் கொடுக்காதீர்கள். நமக்கு மருந்து, அதற்கு விஷம். நாம் பல் துலக்குகிற பேஸ்ட்டையும் அதன் வாயில் தேய்க்காதீர்கள்.

பல் இல்லாமல் எப்படித் தின்னும்?

இது எல்லோரும் கேட்கிற கேள்வி. நம் மாட்டையே பாருங்கள். மாட்டுக்கு மேல்வரிசையில் முன்பல்லே கிடையாது. நாக்கால் புல்லைச் சுழற்றி இழுத்து, கடைவாயில் போட்டு, தாடையைப் பக்கவாட்டில் அசைத்து அரைக்கிறது. மாட்டுக்குக் கடைவாய் போனால் கஷ்டம். நாயின் தாடை அப்படி அரைக்கிற தாடை இல்லை. மேலும் கீழும்தான் அசையும். கடித்து, பிய்த்து, முழுங்கிவிடுகிற ஜாதி அது. நாம் தீனியை மசித்துக் கொடுத்துவிட்டால் பல் செய்கிற வேலை பாதி முடிந்தது.

சோற்றைக் குழைய வடித்து மசியுங்கள். கேழ்வரகோ கம்போ ஆனால், களி உருண்டையாக வைக்காமல் கூழாகக் கரையுங்கள். களி மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு நாய் திண்டாடும். வெறும் கூழும் சோறும் மட்டும் போதாது. அவித்த முட்டையை மசித்துப் போடுங்கள். கோழிக் கறியோ ஈரலோ கிடைத்தால் வேகவைத்து, எலும்பு நீக்கி, பொடியாக நறுக்கிப் போடுங்கள். மீனானால் முள் எடுத்துவிட வேண்டும். பால் சில நாய்களுக்கு வயிற்றுப் போக்கு உண்டாக்கும். மோர் விட்டுக் கொடுக்கலாம். உப்பும் காரமும் வேண்டாம். வெங்காயம், பூண்டு, திராட்சை, சாக்லேட் கூடவே கூடாது. குழம்புச் சட்டி கழுவிய தண்ணீரை ஊற்றுகிற பழக்கத்தை விட்டுவிடுங்கள். அதில் வெங்காயமும் உப்பும்தான் இருக்கும். வெந்த கோழி எலும்பு சிலும்பாக உடைந்து குடலைக் கிழிக்கும்.

பட்டினி கிடந்து வந்த நாய்க்கு முதல் நாளே வயிறு முட்டப் போடக் கூடாது. கொஞ்சம் கொஞ்சமாக நாளைக்கு நாலு வேளை கொடுத்து, ஒரு வாரத்தில் மெல்லக் கூட்டுங்கள். பிறகு இரண்டு வேளை போதும். வாய் அகன்ற, ஆழமில்லாத சட்டியில் வையுங்கள். பக்கத்தில் எப்போதும் நல்ல தண்ணீர் இருக்கட்டும். பல்லில்லாத நாய் மெதுவாகத் தின்னும்; வேறு நாய் இருந்தால் பிடுங்கிக்கொள்ளும். தனியாக வையுங்கள். தின்கிறபோது பிள்ளைகள் பக்கத்தில் போகக் கூடாது. எவ்வளவு போடுவது என்று தெரியவில்லையா? விலாவைத் தடவினால் எலும்பு கைக்குத் தட்டுப்பட வேண்டும். கண்ணுக்குத் துருத்திக்கொண்டு தெரியக் கூடாது. அதுதான் அளவு.

அந்த வீட்டில் இந்தப் பொறுப்பை ஆத்தா எடுத்துக்கொண்டார். தமக்கு மசிக்கிற சோற்றோடு சேர்த்து நாய்க்கும் மசித்தார். "எங்க ரெண்டு பேருக்கும் ஒரே சாப்பாடுதேன் கண்ணு" என்று என்னிடம் சொன்னார்.

வீட்டோடு சேர்ப்பது எப்படி?

புது இடத்துக்கு வந்த நாய் பயத்தில் இருக்கும். முதல் சில நாள் அதைத் தடவவோ தூக்கவோ கூட்டம் கூடிப் பார்க்கவோ வேண்டாம். நிழலான ஓர் ஓரத்தில் சாக்கு விரித்துவிடுங்கள். தீனியை வைத்துவிட்டு நகர்ந்துகொள்ளுங்கள். அதுவே எழுந்து வந்து உங்கள் கையை மோந்து பார்க்கும்வரை பொறுத்திருங்கள். செவலை வாலை ஆட்ட ஒன்றரை மாதம் ஆனது. அடிபட்ட நாய்க்கு இன்னும் அதிக நாள் ஆகலாம்.

இரும்புச் சங்கிலி வேண்டாம். கழுத்துக்கும் பட்டைக்கும் நடுவே இரண்டு விரல் நுழைகிற மாதிரி அகலமான நாடாப் பட்டை போடுங்கள். ஆரம்பத்தில் கட்டித்தான் ஆக வேண்டும் என்றால் நீளமான கயிற்றில் கட்டுங்கள். பழகிய பிறகு வேலிக்குள் அவிழ்த்து விடுங்கள். கட்டியே கிடக்கிற நாய் சங்கிலியைத்தான் கடிக்கும் என்பதை இந்த நாயின் வாயே காட்டிவிட்டது.

ஆட்டோடு பழக்குவதில் அவசரம் கூடாது. முதலில் படலுக்கு வெளியே, நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது, ஆட்டைப் பார்க்கும்படி கட்டுங்கள். ஆடும் நாயும் ஒன்றன் வாசனையை ஒன்று அறியட்டும். பிறகு சாயங்காலம் பட்டியைச் சுற்றிக் கையில் பிடித்து நடத்துங்கள். துரத்தப் பார்த்தால் அதட்டுங்கள், அடிக்க வேண்டாம். முழு நம்பிக்கை வரும்வரை குட்டிகளோடு தனியாக விடாதீர்கள்.

வெறிநோய்த் தடுப்பூசி நாய்க்கு வந்த உடனே போட்டு, டாக்டர் சொல்கிறபடி மறுபடியும், பிறகு வருஷா வருஷமும் போட வேண்டும். குட்டியானால் மூன்று மாதத்தில் முதல் ஊசி. பூச்சி மருந்து கொடுப்பதையும் மறக்காதீர்கள். பொட்டை நாயானால் கருத்தடை செய்துவிடுங்கள். இன்றைக்கு யாரும் கேட்காத ஆறு குட்டி, நாளைக்குப் பட்டிக்கு வரும் ஆறு நாய். அது மட்டுமல்ல, ஈனும்போது தாய்நாய் தொப்புள்கொடியைத் தன் பல்லால்தான் அறுக்கிறது. பல்லில்லாத நாய்க்கு அதுவும் கஷ்டம்.

உண்ணி விஷயத்துக்கு வருகிறேன். நாய் தன் முன்பல்லால் மயிரைக் கொறித்துத் தெள்ளையும் உண்ணியையும் எடுத்துக்கொள்ளும். முன்பல் போன நாய்க்கு அந்த வழி அடைபட்டுவிட்டது. அதனால் காதுக்குள், கால் விரல் இடுக்கில், கழுத்துப் பட்டைக்கு அடியில் தினமும் நீங்கள்தான் பார்க்க வேண்டும். உண்ணியை நகத்தால் நசுக்காமல், இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து எடுத்து, சோப்புத் தண்ணீரில் போட்டுக் கையைக் கழுவிக்கொள்ளுங்கள்.

இங்கே ஒரு வேளாண்மை அலுவலனாக உங்களைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். பயிருக்கு அடிக்கிற பூச்சி மருந்தை நாய் மேல் தெளிக்காதீர்கள், தண்ணீரில் கலந்து குளிப்பாட்டாதீர்கள். அது தோல் வழியாக உள்ளே போகும். நாய் உடம்பை நக்கும்போது வாய் வழியாகவும் போகும். உண்ணிக்கு உண்டான மருந்தைக் கால்நடை டாக்டரிடம் கேட்டு வாங்குங்கள். எலிக்கு வைக்கிற விஷ உருண்டையிலும் கவனம் வேண்டும். அது மெத்தென்று இருப்பதால் பல்லில்லாத நாய்க்கு முழுங்குவது மிகவும் சுலபம்.

பல் இல்லாமல் என்ன காவல்?

கடைசியாக அந்த வீட்டுக்காரர் முதல் நாள் கேட்ட கேள்விக்கு வருவோம். காவல் நாய் பெரும்பாலும் கடித்துக் காப்பதில்லை, குரைத்துத்தான் காக்கிறது. காவலுக்கு முதலில் வேண்டியது காது. மனிதன் காதுக்கு 20,000 ஹெர்ட்ஸ் அதிர்வுவரைதான் கேட்கும். நாய்க்கு 45,000 ஹெர்ட்ஸ்வரை கேட்கும். அடுத்து மூக்கு, அடுத்து தொண்டை. இந்த மூன்றும் பல்லோடு விழுந்துவிடுவதில்லை.

ஆனால் ஒன்றைத் தெளிவாகச் சொல்கிறேன். பல்லில்லாத நாயால் நாய்க் கூட்டத்தோடு சண்டை போட முடியாது. அதைப் பட்டியில் தனியாக விட்டுவிட்டு நீங்கள் ஊருக்குள் போய்ப் படுத்துக்கொண்டால், ஆட்டோடு சேர்த்து அதையும் இழப்பீர்கள். படலில் ஓட்டை இருந்தால் அடையுங்கள். ஒரு விளக்குப் போடுங்கள். வீட்டில் ஒருவராவது கூப்பிடு தூரத்தில் படுங்கள். நாய் குரைத்தால், "சும்மா கத்துது" என்று போர்த்திக்கொண்டு படுக்காமல் எழுந்து பாருங்கள். கூப்பிடுவது அதன் வேலை, எழுந்திருப்பது நம் வேலை.

போன மார்கழியில் ஒரு ராத்திரி அந்தத் தோட்டத்தில் இது நடந்தது. இரண்டு மணி இருக்கும். செவலை ஒரே மூச்சாகக் குரைத்திருக்கிறது. வீட்டுக்காரர் டார்ச்சோடும் தடியோடும் ஓடியிருக்கிறார், பின்னாலேயே அந்த அம்மாவும். கிளுவை வேலிச் சந்தில் அஞ்சாறு நாய் நின்றிருக்கிறது. செவலை பட்டிப் படலில் முதுகை ஒட்டிக்கொண்டு, நகராமல் நின்று குரைத்திருக்கிறது. வெளிச்சமும் ஆள் சத்தமும் கண்டதும் கூட்டம் கலைந்துவிட்டது. ஓர் ஆட்டுக்கும் சேதம் இல்லை.

இதை எனக்குச் சொன்னபோது அந்த மனிதர், "அது கடிக்கலீங்க சார். என்னையக் கூப்பிட்டுச்சு" என்றார். முதல் நாள் "இதை வச்சு என்னங்க பண்றது" என்று கேட்டவர் அவர்தான்.

எல்லாப் பல் போன நாயும் இப்படி ஆகிவிடும் என்று நான் உறுதி சொல்ல மாட்டேன். சில நாய் வெறுமனே திண்ணையில் படுத்துக் கிடக்கும். அதற்கு ஒரு கை சோறு போட நமக்கு மனம் இருந்தால் போடுவோம். ஆனால் பல்லைப் பார்த்த மாத்திரத்தில் "இது உதவாது" என்று தீர்ப்புச் சொல்லிவிட வேண்டாம். "இது கடிக்காது" என்று என்னைப்போல் அஜாக்கிரதையாகவும் சொல்ல வேண்டாம்.

சுருக்கமாக மறுபடி சொல்கிறேன். நாயைச் சேர்த்த வாரத்திலேயே கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டுபோய் வாயைக் காட்டித் தடுப்பூசி போடுங்கள். சின்னக் கீறல் பட்டாலும் 15 நிமிஷம் சோப்புப் போட்டுக் கழுவி ஆஸ்பத்திரிக்குப் போங்கள். தீனியை மசித்துக் கொடுங்கள். சங்கிலியைக் கழற்றுங்கள். பயிர் மருந்தை அதன் மேல் போடாதீர்கள். ராத்திரி கூப்பிட்டால் எழுந்து போங்கள்.

தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்க வேண்டாம் என்றார்கள் பெரியவர்கள். தானாக வந்த நாயை மட்டும் டாக்டரை விட்டு ஒரு தடவை பல்லைப் பார்க்கச் சொல்லுங்கள், அதற்கு வலி தீரட்டும்.